1969-ல் சஞ்சீவ ரெட்டி ஜெயித்திருந்தால்? 14,650 ஓட்டு மதிப்பில் திரும்பிய வரலாறு

வைகைக்கரை:

மாற்று வரலாறு என்று பேச்செடுத்தால் பெரும்பாலும் போர்களைத்தான் எடுத்துக்கொள்கிறோம். இந்த இழையில் ஒரு தேர்தலை எடுப்போம். மக்கள் நேரடியாக ஓட்டுப் போடாமல், எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் சீட்டில் வேட்பாளர்களை முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வரிசையாகக் குறிக்கும் தேர்தல் அது: 1969 ஆகஸ்ட் 16 அன்று நடந்த குடியரசுத் தலைவர் தேர்தல்.

பின்னணி தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1969 மே 3 அன்று ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். துணைத் தலைவர் வி.வி. கிரி பொறுப்புத் தலைவரானார். ஜூலையில் பெங்களூரில் காங்கிரஸ் ஆட்சிமன்றக் குழு கூடியது. இந்திரா காந்தி ஜகஜீவன் ராம் பெயரைச் சொன்னார். காமராஜர், எஸ்.கே. பாட்டீல், மொரார்ஜி தேசாய், சவாண் நால்வரும் நீலம் சஞ்சீவ ரெட்டி பக்கம் நின்றார்கள். பிரதமர் தன் சொந்தக் கட்சிக் குழுவிலேயே தோற்றார்.

அதற்கு அவர் கொடுத்த பதிலடி பத்து நாள்கூடத் தாமதமாகவில்லை. ஜூலை 16-ல் மொரார்ஜியிடமிருந்து நிதித்துறை போனது. 19-ல் 14 வங்கிகள் தேசியமயமாயின. அந்த அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் கிரி. மறுநாளே பதவியை விட்டு விலகிச் சுயேச்சையாக நின்றார். ரெட்டியின் வேட்புமனுவை முன்மொழிந்தவர் இந்திராதான்; ஆனால் கட்சித் தலைவர் நிஜலிங்கப்பா ஜனசங்கம், சுதந்திராக் கட்சித் தலைவர்களைச் சந்தித்து இரண்டாம் விருப்ப ஓட்டு கேட்டார் என்றதும் அதையே காரணமாக வைத்து மனசாட்சி ஓட்டு, அதாவது கட்சி சொன்னவருக்கு அல்லாமல் மனசாட்சிப்படி ஓட்டு, என்ற முழக்கம் கிளம்பியது.

ஆகஸ்ட் 20-ல் எண்ணினார்கள். முதல் விருப்பத்தில் கிரிக்கு 4,01,515. ரெட்டிக்கு 3,13,548. மூன்றாவதாக நின்ற சி.டி. தேஷ்முக்கிற்கு 1,12,769. மொத்தச் செல்லுபடி மதிப்பு 8,36,337; ஜெயிக்கத் தேவை 4,18,169. யாருக்கும் வரவில்லை. சிறிய வேட்பாளர்களையும் கடைசியில் தேஷ்முக்கையும் விலக்கி, அவர்கள் சீட்டுகளில் குறித்திருந்த அடுத்த விருப்பங்களைப் பிரித்துக் கொடுத்த பிறகு கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. வித்தியாசம் 14,650.

ஒரு எம்.பி.யின் ஓட்டு மதிப்பு அப்போது 576. கிரிக்குப் போட்டவர்களில் 13 எம்.பி.க்கள் ரெட்டிக்குப் போட்டிருந்தால் போதும், ராஷ்டிரபதி பவனுக்குள் போயிருப்பவர் வேறு.

இந்த இழையில் ஒரே ஒரு விதி. ஆகஸ்ட் 16 காலைவரை நடந்த எதையும் மாற்றக் கூடாது. அந்த 13 பேரை மட்டும் மாற்றிவிட்டு, அங்கிருந்து 1977 வரை போவோம். என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரெட்டி ஜெயித்திருந்தால் 1971 மார்ச்சில் இடைக்காலத் தேர்தல் நடந்திருக்காது. அது நடக்கவில்லை என்றால் தமிழ்நாட்டு அரசியலும் நெருக்கடி நிலையும் நாம் அறிந்த வடிவில் வந்திருக்காது.

கணக்கர்:

நல்ல இழை. அடித்தளக் கணக்கை உறுதிசெய்துவிடுவோம், பிறகு யாரும் இதில் இழுக்க வேண்டாம்.

13 பேர் x 576 = 7,488. கிரி 4,12,589-க்கு இறங்குவார், ரெட்டி 4,12,915-க்கு ஏறுவார். ரெட்டி 326 வித்தியாசத்தில் முன்னிலை. "4,18,169 வரவில்லையே" என்று யாராவது கேட்பீர்கள். அந்த எண்ணை எட்டாவிட்டாலும், கடைசியாக மிஞ்சும் இருவரில் குறைவானவரை விலக்கியதும் எஞ்சியவர் ஜெயித்தவர்தான். இரண்டாம் விருப்பம் குறிக்காமல் விட்ட சீட்டுகள் இருப்பதால் விதி அப்படி.

அந்தச் சீட்டுகளின் மொத்த மதிப்பு 10,833. அத்தனையிலும் ரெட்டிக்கு அடுத்த விருப்பம் குறித்திருந்தால்கூட அவர் 4,16,260-ல் நின்றிருப்பார், கிரி 4,20,077-ல் ஜெயித்திருப்பார். ஆகவே "சோம்பேறித்தனத்தால் ரெட்டி தோற்றார்" என்ற வாதம் எடுபடாது.

ஆனால் இன்னொரு வழி இருக்கிறது. விலக்கப்பட்டவர்களிடமிருந்து ரெட்டிக்கு வந்தது 91,879. கிரிக்குப் போனது 18,562. தேஷ்முக்கை நிறுத்தியவர்கள் சுதந்திராவும் ஜனசங்கமும். அங்கே இந்திரா பக்கம் சாய வேண்டிய காரணம் பலருக்கு இல்லை. கிரிக்குப் போன அந்த 18,562-ல் பாதிக்கும் குறைவாகத் திரும்பியிருந்தாலும் முடிவு மாறியிருக்கும். காங்கிரஸ்காரர் ஒருவர் மனதைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

கூட்டாட்சி:

கணக்கர் ஐயா, தமிழ்நாட்டுக் கணக்கை ஏன் விட்டுவிட்டீர்கள்? இந்தத் தேர்தலைத் தீர்மானித்தது நம் ஊர்தான்.

1967-ல் தி.மு.க.வுக்கு மக்களவையில் 25 பேர். 25 x 576 = 14,400. இவர்கள் அத்தனை பேரும் கிரிக்குப் போட்டார்கள் என்று வைத்துக்கொண்டு, அதைக் கழித்துப் பாருங்கள்: 4,05,677. ரெட்டி 4,05,427. கிரி அப்போதும் 250-ல் ஜெயிக்கிறார்! ஆனால் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் மதிப்பு 144. இன்னும் இரண்டே இரண்டு எம்.எல்.ஏ. வீட்டில் உட்கார்ந்திருந்தால் 288 போயிருக்கும், ரெட்டி குடியரசுத் தலைவர். சட்டமன்றத்தில் தி.மு.க.வுக்கு இருந்தவர்களோ 130-க்கும் மேல்.

பிப்ரவரி 3-ல் அண்ணா மறைந்து, 10-ம் தேதி கலைஞர் முதல்வராகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. புது முதல்வர், கட்சிக்குள் இன்னும் கால் ஊன்றாத நேரம். அந்த நிலையில் டெல்லியில் யார் இருப்பது என்பதைத் தீர்மானிக்கும் சாவி அவர் கையில் இருந்தது.

மணல்தேரி:

அந்தச் சாவியை எந்தப் பக்கம் திருப்பினார்கள் என்பதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம்.

காமராஜர் ரெட்டியை ஆதரித்தது பதவி ஆசையால் அல்ல. கட்சி ஒரு குழு, குழு எடுத்த முடிவுக்குப் பிரதமரும் கட்டுப்பட்டவர் என்பது அவர் பிடிவாதம். நேருவுக்குப் பிறகு சாஸ்திரியையும், சாஸ்திரிக்குப் பிறகு இந்திராவையும் கொண்டுவந்தவர் அவர். 1967-ல் விருதுநகரில் தோற்றுப் போய், 1969 ஜனவரியில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் மறுபடி எழுந்து வந்தவர். ரெட்டி ஜெயித்திருந்தால் அவர் குரலுக்கு டெல்லியில் மதிப்பு இருந்திருக்கும். நவம்பரில் கட்சி உடைந்தபோது அவர் உடைந்த பாதியில் நின்றார், அதுவும் சிறிய பாதியில்.

1971-ல் தமிழ்நாட்டு மக்களவைத் தொகுதிகளில் அந்தப் பாதியான ஸ்தாபன காங்கிரஸுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. அது அவர் நின்ற நாகர்கோவில். 1975 அக்டோபர் 2-ல் போய்விட்டார். அந்த ஆறு வருஷத்தை நினைத்தால் மனசு தாங்காது.

தொழிற்சங்கத்தான்:

மணல்தேரி அண்ணே, காமராஜர் மேல் எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் இந்தத் தேர்தலை டெல்லித் தலைவர்களின் பகையாக மட்டும் பார்க்க என்னால் முடியாது. என் குடும்பம் வங்கிக் குடும்பம். எங்கள் வீட்டில் கிரி என்ற பெயருக்கு வேறு அர்த்தம்.

1954-ல் நேரு அமைச்சரவையில் தொழிலாளர் நல அமைச்சராக இருந்தவர் கிரி. வங்கி ஊழியர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பாயம் கொடுத்த முடிவை அரசாங்கம் திருத்தியது. "என் துறை சம்பந்தப்பட்ட தீர்ப்பைத் திருத்திவிட்டு நான் எப்படி இருப்பது" என்ற நிலை. ராஜினாமா செய்துவிட்டு வெளியே வந்தார். பதினைந்து வருஷம் கழித்து அதே மனிதர் 14 வங்கிகளை அரசுடைமையாக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறார். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அந்தப் பட்டியலில் உண்டு. ஊழியர்கள் அதை எப்படிக் கொண்டாடினார்கள் என்று கேட்டு வளர்ந்தவன் நான்.

மாற்று வரலாற்றில் என் கேள்வி ஒன்றுதான். 1970 பிப்ரவரி 10-ல் உச்ச நீதிமன்றம் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வங்கி தேசியமயச் சட்டத்தை ரத்து செய்தது. நான்கே நாளில், பிப்ரவரி 14-ல், புது அவசரச் சட்டம் வந்தது. போட்டவர் குடியரசுத் தலைவர் கிரி. அந்த நாற்காலியில் ரெட்டி இருந்திருந்தால்? மொரார்ஜியும் பாட்டீலும் நிறுத்திய ஆள். நான்கு நாளில் கையெழுத்து வந்திருக்குமா? கொஞ்சம் இழுத்தடித்திருந்தாலும் வங்கிகள் பழைய முதலாளிகளிடம் திரும்பியிருக்கும். அப்புறம் அவற்றை மீட்பது லேசா?

சட்டப்படி:

வழக்கறிஞர் தொழிலில் இருக்கிறேன், அதனால் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்துகிறேன். 42-வது திருத்தம் வந்தது 1976-ல். "அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும்" என்று அரசியல் சட்டத்தின் 74-வது பிரிவில் வெளிப்படையாக எழுதப்பட்டது அப்போதுதான். 1969-ல் அந்த வாசகம் கிடையாது. ஆனால் 1955-ல் ராம் ஜவாயா கபூர் வழக்கிலேயே, குடியரசுத் தலைவர் பெயரளவுத் தலைவர், உண்மையான அதிகாரம் அமைச்சரவையிடம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரெட்டி சட்டத்தை மீறி வங்கி அவசரச் சட்டத்தை நிறுத்தியிருப்பார் என்று நான் நம்பவில்லை.

அவர் குணமும் அதற்கு எதிர்த்திசை. 1964-ல் பேருந்து வழித்தட தேசியமய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன கருத்துக்காகவே ஆந்திர முதல்வர் பதவியை விட்டு விலகினார். 1967-ல் மக்களவைத் தலைவரானதும் கட்சி உறுப்பினர் பதவியை எழுதிக் கொடுத்துவிட்டார். நாற்காலிக்கு ஒரு முறை உண்டு என்று நினைத்தவர். கிரி போட்ட கையெழுத்தை அவரும் போட்டிருப்பார், மறுநாளோ அதற்கு மறுநாளோ.

ஆக, எனக்கு வைகைக்கரையின் அடிப்படை வாதமே சந்தேகம். தலைவர் மாறினால் என்ன மாறியிருக்கும்? மக்களவை எண்ணிக்கை மாறாதே. பிளவுக்குப் பின் இந்திரா பக்கம் சுமார் 220 பேர். எதிர்ப்பக்கம் ஸ்தாபன காங்கிரஸ் 60 சொச்சம், சுதந்திரா 44, ஜனசங்கம் 35, சம்யுக்த சோஷலிஸ்ட் 23. எல்லாம் சேர்த்தாலும் 170-ஐத் தாண்டவில்லை. அவையோ 520. ரெட்டி விரும்பியிருந்தாலும் யாரைக் கூப்பிட்டுப் பிரதமராக்குவது?

வைகைக்கரை:

சட்டப்படி ஐயா எடுத்த புள்ளியிலிருந்தே தொடங்குகிறேன். 1969-லோ 1970 பிப்ரவரியிலோ ரெட்டி எதையும் தடுத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. வங்கி அவசரச் சட்டம் போயிருக்கும், நவம்பர் 12-ல் இந்திராவைக் கட்சியை விட்டு நீக்கிய பிளவும் நடந்திருக்கும், கொஞ்சம் முன்பின்னாக. நான் பார்ப்பது அதற்குப் பிறகு வரும் இரண்டு கையெழுத்துகளை.

முதலாவது 1970 செப்டம்பர். பழைய சமஸ்தான மன்னர்களுக்கு அரசு கொடுத்துவந்த மானியத்தை ஒழிக்கும் மசோதா மக்களவையில் நிறைவேறி மாநிலங்களவைக்கு வந்தது. ஆதரவு 149, எதிர்ப்பு 75. ஓட்டுப் போட்டவர்கள் 224. மூன்றில் இரண்டு பங்கு என்றால் 149.33. ஒரு ஓட்டில் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததால் அரசியல் சட்டத் திருத்தமே விழுந்தது! அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். நாடாளுமன்றத்தில் தோற்ற விஷயத்தை உடனடியாகக் குடியரசுத் தலைவர் ஆணையால் சாதிக்க முடிவெடுக்கிறார்கள். கிரி அப்போது ஹைதராபாத்தில் இருக்கிறார். காகிதம் அங்கே போகிறது, கையெழுத்து விழுகிறது, மன்னர்கள் அத்தனை பேரின் அங்கீகாரமும் ஒரே ஆணையில் ரத்து. டிசம்பர் 15-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாது என்றது.

நான் மன்னர் மானியத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. அது ஒழிய வேண்டியதுதான். 1971 டிசம்பரில் 26-வது திருத்தத்தால் முறைப்படி ஒழிந்தது. கேள்வி, அவையில் தோற்றதைக் கையெழுத்தால் ஜெயிக்கலாமா என்பது. மக்களவைத் தலைவராக இருந்த ஒருவர் அந்தக் காகிதத்தை வாங்கியதும் "இதை ஏன் மறுபடி அவைக்குக் கொண்டுபோகக் கூடாது?" என்று ஒரு வரியாவது கேட்டிருப்பார். அந்த ஒரு கேள்வி வெளியே தெரிந்திருந்தால் போதும்.

இரண்டாவது கையெழுத்து 1970 டிசம்பர் 27. மக்களவை கலைப்பு. ஆயுள் முடிய ஓராண்டுக்கு மேல் இருக்கும்போது, அவையில் தோற்காத, ஆனால் தனிப் பெரும்பான்மையும் இல்லாத ஒரு பிரதமர் கலைக்கச் சொல்கிறார். கிரி ஒப்புக்கொண்டார். ரெட்டி என்றால் எதிர்க்கட்சித் தலைவர்களைக் கூப்பிட்டுப் பேசியிருப்பார், காரணம் கேட்டிருப்பார், நாள் கடத்தியிருப்பார். இந்திராவுக்கு அந்த நேரத்தில் மிகத் தேவைப்பட்டது வேகம். அது கிடைத்திருக்காது.

நெய்தல்:

அண்ணா, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ரெட்டி 1977-ல் குடியரசுத் தலைவராக ஆனாரே, போட்டியே இல்லாமல்? அவர் என்ன செய்வார் என்று நாம் யூகிக்க வேண்டிய அவசியமே இல்லையே. 1979-ல் என்ன செய்தார் என்று பார்த்தால் போதாதா? பிரதமரான சரண் சிங் ஒரு நாள்கூட அவையைச் சந்திக்கவில்லை. ஆகஸ்ட் 20-ல் ராஜினாமா, 22-ல் ரெட்டி மக்களவையைக் கலைத்தார். ஜகஜீவன் ராம் தனக்கு ஆதரவு இருக்கிறது என்றார், கூப்பிடவே இல்லை. கலைப்பதற்குத் தயங்கும் ஆளாக எனக்குத் தெரியவில்லை.

மணல்தேரி:

தம்பி நெய்தல் கேட்டது சரியான கேள்வி. 1969-ல் இந்திரா சொன்ன பெயர் ஜகஜீவன் ராம், குழு எடுத்த பெயர் ரெட்டி. பத்து வருஷம் கழித்து அதே ஜகஜீவன் ராம் பிரதமராகும் வாய்ப்பு அதே ரெட்டி கையில் இருந்தது. கொடுக்கவில்லை. தலித் சமூகத்திலிருந்து ஒரு பிரதமர் வந்திருக்க வேண்டிய நாள் அது. ரெட்டியை நான் ஆதரித்துப் பேசினாலும் இந்த இடத்தில் அவர் செய்தது நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது.

வைகைக்கரை:

1979 ஆகஸ்ட்டை நானும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் ஜூலையைப் பாருங்கள். பிரதமர் பதவியிலிருந்து மொரார்ஜி விலகியது ஜூலை 15. சரண் சிங் பதவியேற்றது ஜூலை 28. இடையில் ரெட்டி இரண்டு தரப்பிடமும் ஆதரவாளர் பட்டியல் கேட்டார், ஒப்பிட்டார், ஆகஸ்ட் முடிவதற்குள் நம்பிக்கை ஓட்டு வாங்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். நல்ல முடிவோ கெட்ட முடிவோ, அது தன் முடிவு என்று நினைத்துச் செயல்பட்ட தலைவர். கொண்டுவந்த காகிதத்தில் அன்றே கையெழுத்துப் போடும் ரகம் இல்லை. 1970 டிசம்பரில் எனக்குத் தேவைப்படுவது அந்தப் பதின்மூன்று நாள் தாமதம் மட்டும்தான்.

சட்டப்படி:

தாமதம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். மறுப்பு என்றால் இல்லை. அவையில் தோற்காத பிரதமர் கலைப்பைப் பரிந்துரைத்தால், மாற்று அரசு அமைக்க ஆள் இல்லாத நிலையில், இறுதியில் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். அந்தக் கலைப்பு பற்றி இன்னொரு தகவல். "மக்களவை கலைந்ததும் அமைச்சரவையும் போய்விட்டது, இந்திரா பிரதமராக நீடிக்க முடியாது" என்று ஒரு வழக்கு வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் போனது. 1971 மார்ச்சில் தீர்ப்பு: அமைச்சரவை இல்லாமல் குடியரசுத் தலைவர் ஒரு நாள்கூடத் தனியாக ஆள முடியாது. ரெட்டி இருந்திருந்தாலும் அந்தத் தீர்ப்பு மாறாது.

கணக்கர்:

தாமதம் நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதன் விளைவு ஒன்றை யாரும் தொடவில்லை.

இந்திராவின் ரேபரேலி வெற்றியை அலகாபாத் உயர் நீதிமன்றம் 1975 ஜூன் 12-ல் ரத்து செய்தது. எந்தத் தேர்தல்? 1971 தேர்தல். காரணங்களில் ஒன்று யஷ்பால் கபூர். பிரதமர் அலுவலகத்தில் அதிகாரியாக இருந்தவர் ராஜினாமாக் கடிதம் கொடுத்தது 1971 ஜனவரி 13, அரசாணை வெளியானது ஜனவரி 25. இடைப்பட்ட நாட்களில் தேர்தல் வேலை பார்த்தார். இந்திரா எப்போதிலிருந்து வேட்பாளர் என்பதும் வழக்கில் முக்கியக் கேள்வி; நீதிமன்றம் எடுத்துக்கொண்ட தேதி 1970 டிசம்பர் 29. அவை கலைந்த இரண்டாம் நாள்! அவ்வளவு அவசரமாக நடந்த தேர்தல் என்பதால்தான் ராஜினாமா, ஏற்பு, அரசாணை எல்லாம் இப்படி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. முறைப்படி 1972-ல் வந்திருந்தால் அந்த மனிதர் மாதக்கணக்கில் முன்பே விலகியிருப்பார், அந்த வழக்குக்கு அந்தக் காரணம் இருந்திருக்காது.

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர் பக்ருதீன் அலி அகமது. 1969-ல் பெங்களூர்க் குழுவில் இந்திரா பக்கம் நின்ற அதே பக்ருதீன். ரெட்டியின் ஐந்தாண்டு 1974 ஆகஸ்ட்டிலேயே முடிந்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். கையெழுத்தைத் தடுக்க அவர் அங்கே இருந்திருக்க மாட்டார். மாறியிருக்கக்கூடியது, அந்தக் கையெழுத்துக்கு இட்டுச் சென்ற வழக்குதான்.

கூட்டாட்சி:

இதெல்லாம் டெல்லி. நான் தமிழ்நாட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் மணல்தேரி அண்ணன் "எந்தப் பக்கம் திருப்பினார்கள்" என்று கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

தி.மு.க. ஏன் ரெட்டிக்குப் போட வேண்டும்? சட்டமன்றத்தில் நேர் எதிரே உட்கார்ந்திருந்த காங்கிரஸ், காமராஜர் காங்கிரஸ். டெல்லியில் அந்தக் கை வலுத்தால் கோட்டையில் ஆட்சி ஆட்டம் காணும். மாநில அரசுகள் கலைக்கப்படுவதைக் கேரளத்திலும் வங்கத்திலும் பார்த்த காலம். 1969-ல் பெரும்பான்மை இல்லாத ஒரு பிரதமர் தி.மு.க.வின் 25 பேரை நம்பி ஆட்சி நடத்துகிறார் என்பது ஒரு மாநிலக் கட்சிக்கு அதுவரை கிடைக்காத இடம். அந்த இடம் கைக்கு வரும் நேரத்தில்தான், 1969 செப்டம்பரில், மத்திய-மாநில உறவை ஆராய ராஜமன்னார் குழுவை அமைத்தார்கள். 1970-ல் திருச்சி மாநாட்டில் "மாநிலத்தில் சுயாட்சி, மத்தியில் கூட்டாட்சி" என்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் சேலம் உருக்காலைக்கு அடிக்கல் நாட்ட இந்திரா வந்தார். இது எல்லாமே தற்செயலா?

நான் வருத்தப்படுவது வேறு ஒன்றுக்கு. அந்த இடம் நீடித்தது 1971 மார்ச் வரை மட்டும்தான். இந்திராவுக்கு 352 இடம் வந்த நாளிலேயே தி.மு.க.வின் 23 பேர் தேவையில்லாமல் போனார்கள். ராஜமன்னார் குழு அறிக்கை அந்த ஆண்டு வெளிவந்தபோது அதைப் பிரித்துப் படிக்க டெல்லியில் யாருக்கும் கட்டாயம் இல்லை. 1976 ஜனவரி 31-ல் ஆட்சியே கலைந்தது.

அதனால் வைகைக்கரை சொல்லும் பாதையில் எனக்குப் பிடித்தது இதுதான்: கலைப்பு நடக்காமல் 1972 வரை இழுத்திருந்தால், ராஜமன்னார் அறிக்கை மேசைக்கு வரும் நேரத்தில் டெல்லி இன்னும் தி.மு.க. ஆதரவில் இருந்திருக்கும். ரெட்டி ஜெயிப்பது தி.மு.க.வுக்குத் தோல்விபோலத் தெரியும். உண்மையில் பேரம் பேசும் காலம் ஓராண்டு கூடியிருக்கும்.

தொழிற்சங்கத்தான்:

தோழர், அந்த ஓராண்டில் கிழக்கு வங்கம் இருக்கிறது. 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் பாகிஸ்தான் படை இறங்கும்போது இந்திரா புது வெற்றியோடு பதவியேற்று ஒரு வாரம். உங்கள் பாதையில் அவர் கம்யூனிஸ்டுகளையும் தி.மு.க.வையும் நம்பி நிற்கும் சிறுபான்மைப் பிரதமர். ஒரு கோடி அகதிகள் எல்லை தாண்டி வருகிறார்கள். ஆகஸ்ட் 9 சோவியத் ஒப்பந்தத்தை அவையில் எப்படிக் கொண்டுபோவார்? டிசம்பர் வரை ஒன்பது மாதம் பொறுத்திருந்து அடிக்கும் துணிவு அப்படிப்பட்ட அரசுக்கு இருந்திருக்குமா?

வைகைக்கரை:

இந்தப் பாதையில் எனக்கே மிகக் கடினமாக இருப்பது தோழர் கேட்ட இடம்தான். என் எண்ணம்: போர் நடந்திருக்கும். அந்த விஷயத்தில் ஜனசங்கம் முதல் கம்யூனிஸ்டுகள் வரை அரசை நடவடிக்கை எடுக்கச் சொல்லித்தான் நெருக்கினார்கள், யாரும் பின்னால் இழுக்கவில்லை. தி.மு.க.வும் 1962 சீனப் போரின்போதே நாட்டு ஆபத்து வந்தால் எந்தப் பக்கம் என்று காட்டிவிட்டது. பொறுமைதான் சிக்கல். பெரும்பான்மை இல்லாத பிரதமரை ஏப்ரல், மே மாதங்களிலேயே அவசரப்பட்டு இறங்க வைத்திருப்பார்கள் என்ற பயம் எனக்கு உண்டு. மழைக்காலத்தில் அந்த ஆற்றுநிலத்தில் இறங்கியிருந்தால் பதின்மூன்று நாளில் முடிந்த போர் எத்தனை மாதம் இழுத்திருக்கும்?

டிசம்பர்வரை தாக்குப்பிடித்தார் என்றால் 1972 மார்ச் தேர்தலில் அவருக்கு 352-ஐவிட அதிகமாகவே வந்திருக்கும். நிஜ வரலாற்றிலேயே அந்த மாதம் நடந்த மாநிலத் தேர்தல்களை அவர் கட்சி வாரிக்கொண்டு போனது.

கணக்கர்:

அப்படியென்றால் அலை தள்ளிப்போயிருக்கும், தணிந்திருக்காது. இதை ஒப்புக்கொள்கிறீர்களா?

வைகைக்கரை:

டெல்லியில் ஆமாம். தமிழ்நாட்டில் இல்லை, அங்கேதான் நான் நிற்கிறேன்.

1971-ல் இந்திரா காங்கிரஸ் தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதியில்கூட நிற்கவில்லை. ஒன்பது மக்களவைத் தொகுதி போதும் என்று வாங்கிக்கொண்டு, சட்டமன்றம் முழுவதையும் தி.மு.க. அணிக்கு விட்டது. தி.மு.க.வுக்கு 184. ராஜாஜியோடு கை கோத்தும் ஸ்தாபன காங்கிரஸுக்குக் கிடைத்தது 15, ஆனால் ஓட்டு சுமார் 35 சதவீதம். மாநிலத்தில் மூன்றில் ஒருவர் இன்னும் காமராஜர் பக்கம். டெல்லித் தேவைக்காகத் தமிழ்நாட்டுக் களத்தைக் கைவிட்ட அந்த உடன்பாடு, இடைக்காலத் தேர்தலின் அவசரத்தில் பிறந்தது. அந்த வழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது. காங்கிரஸ் இன்றுவரை இங்கே பெரும்பாலும் ஏதாவது ஒரு தோளில் சாய்ந்துதான் நிற்கிறது.

1972 மார்ச்சில் இரண்டு தேர்தலும் உரிய காலத்தில் சேர்ந்து வந்திருந்தால் இந்திரா காங்கிரஸ் தன் பலத்தை இங்கே சோதித்துப் பார்த்திருக்கும். சி. சுப்பிரமணியம் போன்றவர்கள் ஏற்கெனவே அந்தப் பக்கம். மும்முனைப் போட்டியில் தி.மு.க.வுக்கு 184 வந்திருக்காது. எம்.ஜி.ஆர். வெளியேறிய 1972 அக்டோபர் நெருக்கடியை மிகப் பெரிய பெரும்பான்மையோடு சந்தித்த கட்சி, மெல்லிய பெரும்பான்மையோடு சந்தித்திருக்க வேண்டியிருக்கும். அந்த நிலையில் எம்.ஜி.ஆரைக் கட்சியை விட்டு நீக்கும் துணிவு வந்திருக்குமா?

மணல்தேரி:

அண்ணே, இந்தக் கடைசிக் கேள்விக்கு என் பதில் "வந்திருக்காது". நாலைந்து எம்.எல்.ஏ. போனாலே கவிழும் ஆட்சி என்றால் கட்சிக் கணக்குக் கேட்ட எம்.ஜி.ஆரை அறைக்குள் கூப்பிட்டுச் சமாதானம் பேசியிருப்பார்கள். அ.தி.மு.க. 1972-ல் பிறந்திருக்காது. தி.மு.க.வுக்கு எதிராகத் திரும்பும் ஓட்டு எல்லாம் வேறு யாருக்கும் போகாமல், மூன்றில் ஒரு பங்கு ஓட்டு வைத்திருந்த காமராஜரிடமே வந்திருக்கும்.

கூட்டாட்சி:

அதில் நான் மாறுபடுகிறேன். எம்.ஜி.ஆரின் கூட்டம் எம்.எல்.ஏ. எண்ணிக்கையைப் பார்த்து வந்த கூட்டம் அல்ல. 1967-லேயே மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடி பரங்கிமலையில் ஜெயித்தவர். 184 இருந்தாலும் 124 இருந்தாலும் அவர் ஒருநாள் தனியாகப் போயிருப்பார். மெல்லிய பெரும்பான்மை என்றால் போகும்போதே ஆட்சியையும் கையோடு கொண்டுபோயிருப்பார், 1977 வரை காத்திருந்திருக்க மாட்டார். தொகுதிவாரியாக 1971 முடிவுகளை எடுத்து மும்முனைப் போட்டியாகப் பிரித்துப் பார்ப்போமா கணக்கர் ஐயா? தென்மாவட்டங்களிலிருந்து தொடங்கலாம். காமராஜர் ஓட்டு அங்கேதான் திரண்டு இருந்தது.

கணக்கர்:

தொடங்குகிறேன். நெல்லை, கன்னியாகுமரி இரண்டையும் முதலில் எடுக்கிறேன். இந்திரா காங்கிரஸ் தனியாக நின்றிருந்தால் யாருடைய ஓட்டைப் பிரித்திருக்கும் என்பதற்கு ஆளாளுக்கு ஓர் அனுமானம் எழுதி வையுங்கள். என் அனுமானம்: தி.மு.க.விடமிருந்து எடுப்பதைவிட ஸ்தாபன காங்கிரஸிடமிருந்துதான் அதிகம் எடுத்திருக்கும்.